எலும்பை உரமாக்கிய ஜமீன்தார்

ஒரே எலும்புத் தூள். ஒரே பயிர். அக்கம்பக்கத்துப் பண்ணைகள்.

ஒரு பண்ணையில் கிழங்கு கொழுத்து வளர்ந்தது. அடுத்த பண்ணையில் தூளைப் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்!

இது ஏன்?

இந்தக் கேள்வி ஓர் இளைஞரின் மனத்தைப் பிடித்துக்கொண்டது. விடை தேடிப் போன அவர், சூப்பர் பாஸ்பேட் உரத்தை மூட்டை மூட்டையாகச் செய்து விற்றார். பெரும் பணக்காரர் ஆனார். பணம் வந்த பிறகும் அவர் கேள்வியை விடவில்லை. சாகும் வரையில் தம் சொந்த நிலத்தையே சோதித்துக்கொண்டு இருந்தார்.

அவர் பெயர் ஜான் பென்னட் லாஸ்.

ஜமீன் வாரிசு

லண்டன் நகருக்கு வடக்கே ஹார்ட்போர்டுஷயர் என்ற ஜில்லா இருக்கிறது. அங்கே ஹார்ப்பெண்டன் என்ற ஊர். ஊரை ஒட்டி ராதம்ஸ்டெட் என்ற பெரிய பண்ணை. பண்ணையின் நடுவே அரண்மனை போல ஒரு பழைய மாளிகை.

1814-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி அந்த மாளிகையில் லாஸ் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே மகன்.

1822-ல் தந்தை இறந்துவிட்டார். சிறுவனைத் தாய் வளர்த்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளிக்கு அனுப்பினார். பிறகு ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்கு அனுப்பினார்.

லாஸ் படிப்பில் பெயர் எடுக்கவில்லை. பட்டம் வாங்காமலே ஊர் திரும்பினார். 1834-ல் பண்ணைப் பொறுப்பை ஏற்றார்.

ஏட்டுப் படிப்பில் ஒட்டாத மனம் ரசாயனத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் இருந்த நல்ல படுக்கை அறைகளில் ஒன்றை அவர் ஆராய்ச்சிக்கூடமாக மாற்றிவிட்டார். கட்டில் இருந்த இடத்தில் அடுப்பும் கண்ணாடிக் குடுவைகளும் வந்தன. அதைப் பார்த்துத் தாய் மனம் வருந்தினார். மகன் கேட்கவில்லை.

முதலில் மருந்துச் செடிகளைப் பயிரிட்டார். அவற்றிலிருந்து சத்தைப் பிரித்து எடுக்க முயன்றார். அப்போதுதான் அவர் கவனம் எலும்பின் பக்கம் திரும்பியது.

எலும்புக்கு வந்த மவுசு

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் மக்கள் தொகை பெருகிக்கொண்டு இருந்தது. ஊருக்கு ஊர் ஆலைகள் எழுந்தன. எல்லோருக்கும் ரொட்டி வேண்டும், இறைச்சி வேண்டும். நிலமோ அதே நிலம்.

எலும்பைத் தூளாக்கி வயலில் போட்டால் டர்னிப் என்ற கிழங்கு நன்றாக விளையும் என்று உழவர்கள் கண்டார்கள். அந்தக் கிழங்கு ஆடுமாடுகளுக்குத் தீனி. ஆடுமாடு பெருகினால் எரு பெருகும். எரு பெருகினால் கோதுமை பெருகும். ஆகவே எலும்புக்குக் கிராக்கி உண்டாயிற்று. வெளிநாடுகளிலிருந்து கப்பலில் எலும்பு வந்து இறங்கியது.

ஆனால் எல்லா நிலத்திலும் அது பலிக்கவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரரான டேக்கர் பிரபு இதை லாசிடம் சொன்னார். ஒரு நிலத்தில் பலன் தரும் எலும்பு, இன்னொரு நிலத்தில் ஏன் பலன் தரவில்லை என்று கேட்டார். லாசின் சொந்த நிலத்திலும் எலும்புத் தூள் வேலை செய்யவில்லை.

எலும்பில் இருக்கும் முக்கியமான சத்து பாஸ்பேட். தமிழில் அதை மணிச்சத்து என்கிறோம். வேர் ஓடுவதற்கும், கதிர் மணி பிடிப்பதற்கும் அது வேண்டும். எலும்பில் இந்தச் சத்து சுண்ணாம்போடு கெட்டியாகப் பிணைந்து இருக்கிறது. தண்ணீரில் கரையாது. மண் புளிப்பாக இருந்தால் அந்தப் புளிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வேர் அதை உறிஞ்சிக்கொள்ளும். மண்ணில் சுண்ணாம்பு மிகுந்து இருந்தால் எலும்பு அப்படியே கிடக்கும்.

கண் எதிரே சோறு இருக்கிறது. ஆனால் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. அதுதான் பயிரின் நிலை.

பூட்டு திறந்தது

1837-ம் ஆண்டு முதல் லாஸ் தொட்டிகளில் செடி வைத்துப் பார்த்தார். எலும்பை அப்படியே போட்டார். சுட்டுப் போட்டார். கடைசியில் கந்தகத் திராவகத்தை ஊற்றிக் கலந்து போட்டார்.

திராவகம் பூட்டைத் திறந்துவிட்டது! எலும்பில் பிணைந்து கிடந்த மணிச்சத்து நீரில் கரையும் பொருளாக மாறியது. அதைப் போட்ட தொட்டிகளில் செடிகள் தளதள என்று வளர்ந்தன. அடுத்து வயலில் டர்னிப்புக்குப் போட்டுப் பார்த்தார். அங்கும் வெற்றி!

எலும்பில் மட்டும் அல்ல, தரையில் வெட்டி எடுக்கும் பாஸ்பேட் கல்லிலும் இந்த முறை பலித்தது. கல்லை உரமாக்க முடியும் என்றால், எலும்புக்காகக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியது இல்லை.

இந்த எண்ணம் லாஸ் ஒருவருக்கு மட்டும் தோன்றியது அல்ல. ஜெர்மனியின் பெரிய ரசாயன நிபுணர் லீபிக், எலும்பில் திராவகம் சேர்க்கலாம் என்று 1840-ல் எழுதினார். அயர்லாந்தில் மர்ரே என்ற டாக்டரும் இதே வேலையில் இறங்கி இருந்தார். ஆனால் உரத்தைப் பெரிய அளவில் செய்து, மூட்டை கட்டி, உழவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனவர் லாஸ்தான். 1842-ம் ஆண்டு மே மாதம் அவர் தம் முறைக்குப் பேட்டண்ட் உரிமை வாங்கினார்.

மணமகளுடன் படகில்

அதே ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி, தம் பிறந்த நாள் அன்று, லாஸ் திருமணம் செய்துகொண்டார். மணமகள் பெயர் கரோலின்.

புதுமணத் தம்பதிகள் ஐரோப்பாவில் உல்லாசப் பயணம் செய்வதாக இருந்தது. அந்தப் பயணம் நின்றுபோயிற்று! அதற்குப் பதிலாக, லாஸ் மனைவியைப் படகில் ஏற்றிக்கொண்டு தேம்ஸ் நதியில் போனார். அழகான காட்சிகளைப் பார்க்க அல்ல, உரத் தொழிற்சாலைக்கு இடம் பார்க்க!

லண்டனில் டெப்ட்போர்டு என்ற இடத்தில் ஆற்றங்கரை ஓரமாக இடம் கிடைத்தது. 1843-ல் தொழிற்சாலை வேலை தொடங்கியது. ஜூலை மாதம் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஒரு புஷல் உரம் 4 ஷில்லிங் 6 பென்ஸ் என்று விலை போட்டு இருந்தது.

உற்றாரும் நண்பர்களும் முகம் சுளித்தார்கள். பரம்பரை ஜமீன்தார் எரு விற்பதா? எலும்பையும் திராவகத்தையும் வைத்து வியாபாரம் செய்வதா? அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது பெரிய இழுக்கு. லாஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. நிலத்தைச் சீராக்க அவருக்குப் பணம் தேவைப்பட்டது.

வியாபாரம் வளர்ந்தது. பின்னால் மர்ரேயின் உரிமையையும் அவர் விலைக்கு வாங்கிக்கொண்டார்.

ஒற்றைக் கண் நிபுணர்

தொழிற்சாலை தொடங்கிய அதே 1843-ல் லாஸ் இன்னொரு காரியம் செய்தார். கில்பர்ட் என்ற இளைஞரை ராதம்ஸ்டெட்டுக்கு வேலைக்கு அழைத்தார்.

கில்பர்ட்டுக்கு வயது 25. சிறு வயதில் துப்பாக்கி விபத்தில் ஒரு கண் பார்வை போய்விட்டது. ஆனாலும் விடாமுயற்சியால் ரசாயனம் படித்தார். ஜெர்மனிக்குப் போய், லீபிக்கிடமே பயின்று டாக்டர் பட்டம் வாங்கினார்.

இருவருக்கும் குணம் வேறு. லாஸ் மண்ணில் நின்று யோசிப்பவர். கில்பர்ட் ஒவ்வொரு எடையையும் ஒவ்வொரு எண்ணையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பவர். லாசின் நிலம், லாசின் பணம், கில்பர்ட்டின் கணக்கு. இப்படி இருவரும் 57 ஆண்டுகள் சேர்ந்து உழைத்தார்கள். லாஸ் இறந்தபோதுதான் அந்தக் கூட்டு கலைந்தது.

பிராட்பாக் வயல்

1843-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பிராட்பாக் என்ற வயலில் இருவரும் கோதுமை விதைத்தார்கள். வயலை நீளவாட்டில் பல பாத்திகளாகப் பிரித்தார்கள்.

ஒரு பாத்திக்கு எதுவுமே போடவில்லை. இன்னொரு பாத்திக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு 14 டன் தொழு உரம். மற்றொன்றுக்கு மணிச்சத்தும் சாம்பல் சத்தும். வேறொன்றுக்குத் தழைச்சத்து. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதம்.

எருவே போடாத பாத்தி எதற்கு? போட்டதால் விளைந்தது எவ்வளவு, மண்ணே தந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அதுதான் வழி. ஒரு வருஷம் மழை நன்றாகப் பெய்யும். ஒரு வருஷம் பொய்க்கும். பக்கத்தில் வெறும் பாத்தி இல்லாவிட்டால், விளைச்சல் உரத்தால் வந்ததா, மழையால் வந்ததா என்று யாருக்குத் தெரியும்?

அறுவடை ஆனதும் தானியத்தை நிறுத்தார்கள். வைக்கோலை நிறுத்தார்கள். மாதிரி எடுத்துப் புட்டியில் அடைத்து, மூடி, சீட்டு ஒட்டி வைத்தார்கள். அடுத்த ஆண்டும் அதே பாத்தியில் அதே முறை. அதற்கு அடுத்த ஆண்டும் அப்படியே.

பைக்குப் பாதகமான உண்மை

சில ஆண்டுகளில் ஓர் உண்மை வெளிப்பட்டது.

டர்னிப் கிழங்குக்கு சூப்பர் பாஸ்பேட் நல்ல பலன் தந்தது. ஆனால் கோதுமை வயலில் தழைச்சத்து இல்லாமல் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மட்டும் போட்ட பாத்தி, எதுவும் போடாத பாத்தியைவிடச் சிறிதுதான் அதிகம் விளைந்தது. தழைச்சத்தும் சேர்த்துப் போட்ட பாத்திகளில்தான் கோதுமை கொழித்தது.

லாஸ் விற்றதோ மணிச்சத்து உரம்! எங்கள் உரம் ஒன்றே எல்லாப் பயிருக்கும் போதும் என்று சொன்னால் வியாபாரம் பெருகும். லாஸ் அப்படிச் சொல்லவில்லை. கண்டதைக் கண்டபடி அச்சில் போட்டார்.

இதனால் லீபிக்குக்குக் கோபம் வந்தது. தழைச்சத்தைப் பயிர் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்ளும், மண்ணுக்குத் தாதுச் சத்துக்களைக் கொடுத்தால் போதும் என்பது அவர் கட்சி. உலகமே போற்றும் மேதை அவர். லாசோ பட்டம் வாங்காதவர். இருவருக்கும் பல ஆண்டுகள் எழுத்தில் சண்டை நடந்தது. கில்பர்ட் தம் குருவுக்கு எதிராக லாசின் பக்கம் நின்றார். கோதுமை விஷயத்தில் வயல் லாசுக்கே தீர்ப்பு சொன்னது.

மண் போடும் பூட்டு

லீபிக் தாமும் ஓர் உரம் செய்து 1845-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கரையும் சத்தை மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்று அவர் பயந்தார். ஆகவே எளிதில் கரையாதபடி உருக்கிக் கெட்டியாக்கினார். பயிரால் அதை உண்ண முடியவில்லை. உரம் தோற்றது.

அவர் பயம் தேவையற்றது. தாமஸ் வே என்ற ஆங்கிலேய ரசாயனி, உரச் சத்துக்கள் கரைந்த நீரை மண்ணில் ஊற்றி வடித்துப் பார்த்தார். மண் பல சத்துக்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. 1850-ல் இதை அவர் வெளியிட்டார்.

மண் மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் சத்து, மணிச்சத்து. 1894-ல் பெர்னார்டு டையர் என்ற நிபுணர் ராதம்ஸ்டெட் மண்ணைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். ஆண்டுக்கணக்கில் போட்ட மணிச்சத்தில் பயிர் எடுத்தது போக மிச்சம் எங்கே? பெரும்பகுதி உழவு மண்ணிலேயே தங்கி இருந்தது.

லாஸ் திராவகத்தால் ஒரு பூட்டைத் திறந்தார். மண்ணோ இன்னொரு பூட்டைப் போட்டுவிடுகிறது. கரையும் உரம் வயலில் விழுந்ததும் பயிர் கொஞ்சம் குடிக்கிறது. மிச்சத்தை மண் தன் பெட்டியில் வைத்துக்கொள்கிறது. அங்கிருந்து பயிருக்கு மெல்ல மெல்லத்தான் கிடைக்கிறது.

வெள்ளித் தட்டு வேண்டாம்

உழவர்கள் லாசுக்கு நன்றி காட்ட விரும்பினார்கள். பணம் திரட்டி வெள்ளிப் பாத்திரங்கள் பரிசளிக்க நினைத்தார்கள். லாஸ் அதை ஏற்கவில்லை. அந்தப் பணத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் கட்டித் தரும்படி கேட்டார். 1855-ல் அது திறக்கப்பட்டது.

பண்ணைக் கூலியாட்களையும் அவர் மறக்கவில்லை. காய்கறி பயிரிட்டுக்கொள்ள ஆளுக்குக் கொஞ்சம் நிலம் ஒதுக்கினார். மாலையில் கூடிப் பேச அவர்களுக்கு ஒரு மன்றமும் கட்டித் தந்தார்.

1872-ல் உர வியாபாரத்தை 3 லட்சம் பவுனுக்கு விற்றார். 1889-ல் அதில் 1 லட்சம் பவுனை ஒரு தர்ம நிதியாக எழுதி வைத்தார். தாம் இறந்த பிறகும் வயல் சோதனை நிற்கக் கூடாது என்பதற்காக அந்த நிதி.

1882-ல் அரசாங்கம் அவருக்கு பாரனெட் பட்டம் அளித்தது. 1900-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, 85-வது வயதில், தாம் பிறந்த ராதம்ஸ்டெட்டிலேயே லாஸ் காலமானார். அடுத்த ஆண்டு டிசம்பரில் கில்பர்ட்டும் மறைந்தார்.

ராணிப்பேட்டையும் கோவையும்

லாஸ் இறந்து ஆறே ஆண்டுகளில் அவருடைய உரம் தமிழ் நாட்டுக்கு வந்தது. 1906-ல் பாரி கம்பெனியார் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை அமைத்தார்கள். இந்தியாவின் முதல் ரசாயன உரத் தொழிற்சாலை அதுதான்.

அவருடைய வயல் சோதனையும் பின்னாலேயே வந்தது. 1909-ல் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில், ராதம்ஸ்டெட் முறையைப் பின்பற்றி நிரந்தர உரச் சோதனை வயல் தொடங்கப்பட்டது. ஒரு பாத்திக்கு ஒன்றும் இல்லை, ஒரு பாத்திக்குத் தொழு உரம், மற்றவற்றுக்கு வேறு வேறு சத்துக்கள் என்று அதே ஏற்பாடு.

இங்கே மண் போடும் பூட்டு இன்னும் பெரியது. வெயிலும் மழையும் மிகுந்த நாடுகளில், காலம் காலமாகப் பெய்த மழை மண்ணில் இருந்த சுண்ணாம்பை அரித்துக்கொண்டு போய்விட்ட இடங்கள் உண்டு. அங்கே இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நிற்கின்றன. செம்மண்ணின் சிவப்பு நிறமே இரும்பினால் வந்தது. அந்த இரும்பு மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கரிசல் மண்ணில் இரும்பின் வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது. போட்ட மணிச்சத்தில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குகூட அந்தப் பருவத்துப் பயிருக்குக் கிடைப்பது இல்லை.

அதற்காக மேலும் மேலும் மூட்டையை அவிழ்ப்பது வழி ஆகாது. இந்தியா தனக்கு வேண்டிய பாஸ்பேட் கல்லில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து விலை கொடுத்து வாங்குகிறது. அந்தச் செலவு உழவர் தலையிலும் விழுகிறது, அரசாங்கத்தின் தலையிலும் விழுகிறது.

வேறு வழிகள் இருக்கின்றன. உரத்தை வயல் முழுவதும் தூவினால் மண் முழுவதும் அதைப் பிடித்துக்கொள்ளும். விதை வரிசையை ஒட்டி, வேர் போகும் இடத்தில் போட்டால் மண்ணுக்கு முந்திப் பயிர் எடுத்துக்கொள்ளும். மானாவாரி நிலத்துக்கு, சூப்பர் பாஸ்பேட்டைப் பொடித்த தொழு உரத்தோடு கலந்து, ஒரு மாதம் மூடி வைத்து, பிறகு போடலாம். ஊட்டமேற்றிய தொழு உரம் என்று அதற்குப் பெயர். சாணமும் மக்கும் சூழ்ந்து நிற்பதால் இரும்பின் பிடி தளர்கிறது. மண்ணில் பூட்டிக் கிடக்கும் சத்தைக் கரைத்துக் கொடுக்க, பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரமும் கிடைக்கிறது. புளிப்பு மண் உள்ள தேயிலைத் தோட்டங்களில், திராவகம் சேர்க்காத பாஸ்பேட் கல் தூளே போதும். மண்ணின் புளிப்பே அதைக் கரைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். முன் ஆண்டுகளில் போட்டது நிலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால், இந்த ஆண்டு எவ்வளவு போதும் என்று தெரியும்.

இதற்கும் ராதம்ஸ்டெட்டில் சாட்சி இருக்கிறது. அங்கே ஒரு வயலில் 1856-ல் தொடங்கிய உரம் போடும் வேலை 1901-ல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு பல பத்து ஆண்டுகள் ஆகியும், அன்று மணிச்சத்து பெற்ற பாத்திகள் பெறாத பாத்திகளைவிட அதிகம் விளைந்தன. லாஸ் காலத்தில் போட்ட உரத்தைப் பேரன் காலத்துப் பயிர் உண்டது!

லாஸ் ஏற்படுத்திய சோதனை நிலையம் இன்றும் நடக்கிறது. அங்கே 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மண், தானிய, வைக்கோல் மாதிரிகள் சேமித்து வைக்கப்பட்டு இருக்கின்றன. 1843-ல் விதைத்த பிராட்பாக் வயலில் இன்னும் கோதுமை விளைகிறது. எருவே காணாத அந்தப் பாத்தியும் அதே இடத்தில், மற்றப் பாத்திகளுக்குச் சாட்சியாக இருக்கிறது.